ஊசிக்கும் இட்லிக்கும் நடுவே



“ஊசி போட ஆரம்பிச்சதுல இருந்துதான் சார் உடம்பே கெட்டுப்போச்சு.” மறைமலை நகரில் எந்த மருந்துக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்த வாக்கியம் காதில் விழும். சொல்கிறவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பல வருடம் மாத்திரையிலேயே ஓட்டியவர். ஒருநாள் டாக்டர் “இனிமே இன்சுலின்தான்” என்று சொல்லி, காலையில் இத்தனை யூனிட், ராத்திரி இத்தனை யூனிட் என்று சீட்டில் எழுதிக்கொடுத்து அனுப்பியிருப்பார். போட ஆரம்பித்த சில நாளிலேயே கை நடுங்குகிறது. பேப்பரைப் பிரித்தால் எழுத்து கலங்குகிறது. ஒரு மாதம் போவதற்குள் பேன்ட் இடுப்பில் இறுகுகிறது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் காலில் நிற்கிறது. யாரிடம் கேட்பது? பக்கத்து வீட்டுக்காரர் “அதெல்லாம் வேணாங்க, ஒருதடவை ஆரம்பிச்சா விடாது” என்கிறார். ஊசி மருந்து ஃப்ரிட்ஜ் கதவிலேயே தங்கிவிடுகிறது.

இந்த மாதம் என் பக்கத்தை ஊசி ஆரம்பித்த முதல் மூன்று மாதங்களுக்கே கொடுத்துவிடுகிறேன். காரணம், அவர் சொல்வது எதுவும் பொய்யில்லை. கை நடுங்கியது நிஜம், கண் மங்கியது நிஜம், எடை கூடியதும் நிஜம். ஆனால் இவையெல்லாம் மருத்துவர்களுக்குப் பல காலமாகத் தெரிந்த விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. சில, தானாகவே போய்விடும். சிலவற்றை நாமே சரிசெய்துகொள்ளலாம். ஒன்றிரண்டுக்கு மட்டும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். எது எந்த வகை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். காலை நேரத்து ஓபி வரிசையைப் பார்த்தவர்களுக்கு டாக்டரைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆகவே அந்த ஐந்து நிமிடப் பேச்சை இங்கே பேசிவிடலாம் என்று தோன்றியது.

நம்மில் எத்தனை பேருக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் இது என்று கேட்டால், 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வு நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். எல்லோருக்கும் ஊசி தேவைப்படாது. ஆனால் வருடங்கள் ஏற ஏற கணையம் சுரப்பது குறைந்துகொண்டே வரும். அது இந்த நோயின் இயல்பு. மாத்திரை போதாமல் போவதற்கு நீங்கள் தின்ற ஜாங்கிரி மட்டும் காரணமில்லை. ஊசிக்கு மாறுகிறவர்கள் ஏதோ பரீட்சையில் தோற்றவர்கள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு வருவதைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும்.

முதலில் ‘லோ’. சர்க்கரை இறங்கிப்போவது. இன்சுலினின் பக்க விளைவுகளில் ஆபத்தானதும், அடிக்கடி வருவதும் இதுதான். நம் ஊருக்கு இது தனிக் கதை.

மறைமலை நகர் ஷிஃப்டில் ஓடும் ஊர். இங்கே தொழிற்பேட்டை, அந்தப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி, சிங்கபெருமாள் கோயிலில் திரும்பினால் ஒரகடம். தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று வழியெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் வருகிறது. ஏ ஷிஃப்டுக்கு விடியுமுன்னே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் யார் வீட்டில் இட்லி வெந்திருக்கும்? ஆனால் ஊசி வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஆகவே ஊசியை வீட்டில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை கேன்டீனில் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறுகிறார்கள். ஊசிக்கும் இட்லிக்கும் நடுவே ஜிஎஸ்டி ரோடு கிடக்கிறது. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ வண்டிகள் நின்றுவிட்டால், இன்சுலின் காத்திருக்காது.

அரசு மருத்துவமனைகளில் அதிகம் கொடுப்பது 30/70 என்று சொல்லப்படும் கலவை இன்சுலின். குப்பியில் பால் மாதிரி கலங்கலாக இருக்கும். அதில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்வது, போட்ட அரைமணியில் தொடங்கிவிடும். அதற்குள் சாப்பாடு வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். மீதி 70 பங்கு மெதுவாகக் கிளம்பி, நான்கைந்து மணி நேரம் கழித்துத்தான் முழு வேகம் எடுக்கும். காலையில் போட்ட ஊசிக்கு அந்த உச்சம் மத்தியானச் சாப்பாட்டு வேளையை ஒட்டி வரும். லைன் நிற்காமல் ஓடி, சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால், கை நடுங்குவதற்கு அதுவே போதும். ராத்திரி போட்ட ஊசிக்கு உச்சம் நடுநிசிக்கு மேல். பனியன் தொப்பலாக நனைந்து, கெட்ட கனவு கண்டு எழுந்து, காலையில் தலை வலிக்கிறது என்கிறவர் ஒருமுறையாவது ராத்திரி மூன்று மணிக்கு சுகர் பார்க்கும் மெஷினில் பார்க்க வேண்டும்.

சி ஷிஃப்ட்காரர் நிலைமை இதைவிட மோசம். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். சீட்டில் ‘காலை’ என்று எழுதியிருப்பதால் ஊசியைப் போட்டுக்கொள்கிறார். களைப்பில் இரண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார். மனைவி வேலைக்குப் போயாச்சு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயாச்சு. மத்தியானச் சாப்பாடு ஹாட்பாக்ஸில் மூடியபடி இருக்கிறது. பதினோரு மணி, பன்னிரண்டு மணிக்கு இன்சுலின் உச்சத்தில் இருக்கும்போது அவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார். வியர்த்துக் கொட்டினாலும் பார்க்க ஆளில்லை. சீட்டு எழுதிய டாக்டருக்கு இவர் சி ஷிஃப்ட் போகிறவர் என்று தெரியவே தெரியாது. இவரும் சொல்லவில்லை. “வேலைக்குப் போறேன் சார்” என்று மட்டும் சொல்லியிருப்பார்.

இந்த இதழில் நான் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன்: டாக்டரிடம் போகும்போது சுகர் ரிப்போர்ட்டோடு உங்கள் ஷிஃப்ட் நேரத்தையும் கொண்டுபோங்கள். பஸ் எத்தனை மணிக்கு, கேன்டீன் எத்தனை மணிக்கு, ஓவர்டைம் உண்டா, வாரம் மாறும்போது தூக்கம் எப்படி மாறுகிறது என்று எழுதிக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரே வேளை போடும் நீண்ட நேர இன்சுலின் இருக்கிறது. சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போடும் வேக இன்சுலின் இருக்கிறது. எது யாருக்கு, எவ்வளவு என்பது டாக்டர் தீர்மானிக்க வேண்டியது. ஆனால் தகவல் இல்லாமல் அவர் எதைத் தீர்மானிப்பார்?

லோ வந்தால் என்ன செய்வது? 70-க்குக் கீழே மெஷின் காட்டினால் லோ. மெஷின் கையில் இல்லை, ஆனால் நடுக்கமும் படபடப்பும் குளிர்ந்த வியர்வையும் திடீர்ப் பசியும் இருக்கிறதென்றால் அதையும் லோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் உட்கார வேண்டும். மறுபடி பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு டம்ளர். ஏறிய பிறகு ஏதாவது சாப்பாடு. சாக்லேட், மைசூர்பாகு எல்லாம் அவசரத்துக்கு உதவாது. நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். டயட் என்று போட்ட குளிர்பானம் சுத்தமாகப் பயன்படாது. அந்தக் கால் மணி நேரம் பொறுப்பதுதான் கஷ்டம். பசி பேய் மாதிரிப் பிடிக்கும். பொறுக்க மாட்டாமல் வீட்டிலிருக்கும் பலகாரத்தையெல்லாம் காலி செய்தால் ஒரு மணி நேரத்தில் 300-ஐத் தாண்டும். அதைப் பார்த்துப் பயந்து, யூனிட்டைக் கூட்டிப் போட்டால் மறுபடி லோ. இப்படி ஊஞ்சலாடியே ஊசியை வெறுத்தவர்கள் உண்டு.

இங்கே ஒரு நுணுக்கம். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் உங்கள் மாத்திரை அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டு மாத்திரைகளில் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அது சாதாரணச் சர்க்கரையைக் குடலில் உடைய விடாமல் தாமதப்படுத்தும் மருந்து. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு லோ வந்தால் சர்க்கரைத் தண்ணீர் வேகமாக வேலை செய்யாது. குளுக்கோஸ் பவுடரையே வைத்துக்கொள்ள வேண்டும். கிளிமெபிரைடு மாதிரியான மாத்திரையும் தொடர்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி ஒருபக்கம் இறக்க, மாத்திரை இன்னொரு பக்கம் இறக்கும். ரத்தக்கொதிப்புக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் அப்போதும் காட்டிக்கொடுத்துவிடும். காரணமில்லாமல் வியர்த்தால் சும்மா விடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயதானவர்களுக்கு லோ வரும்போது நடுக்கம் தெரியாமல் கோபமாக வரும். எப்போதும் மெல்லப் பேசும் மாமனார் திடீரென்று மருமகள்மேல் எரிந்து விழுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், குடித்தவர் போலத் தள்ளாடுகிறார் என்றால், சண்டைக்குப் பதில் சொல்லுமுன் “மாமா, கொஞ்சம் விரலைக் காட்டுங்க, பார்த்துடலாம்” என்று சொல்லிப் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

லோ மாதிரியே தெரிந்தும் லோவாக இல்லாத ஒரு நிலையும் உண்டு. கூடுவாஞ்சேரியில் இருக்கும் என் அக்கா ஊசி ஆரம்பித்த புதிதில் போன் செய்து, “ஏன்டா, கை கால் எல்லாம் உதறுது, மெஷின்ல பார்த்தா 150 காட்டுது, மெஷின் கெட்டுப்போச்சா?” என்று கேட்டாள். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. மாதக்கணக்கில் 350-லேயே இருந்து பழகிய உடம்பு, 150-ஐப் பார்த்ததும் பட்டினி என்று அலறுகிறது. எண் சரியாக இருக்கும்போது இனிப்புக் கரைசல் தேவையில்லை. கொஞ்சம் உட்கார்ந்து, சாப்பாட்டு வேளையானால் சாப்பிட்டால் போதும். சில வாரத்தில் உடம்பு புது அளவுக்குப் பழகிவிடும். அக்காவுக்கும் பழகியது. இதற்குப் பயந்து சர்க்கரையை வேண்டுமென்றே ஏற்றி வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம் ஏமாந்துபோகிறார்கள்.

லோ என்பது இன்சுலினோடு கூடவே பிறந்தது. 1921-ல் டொரண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்த பிறகு, அதன் வீரியத்தை அளக்க வழி தேவைப்பட்டது. முயலுக்குப் போட்டுப் பார்த்தார்கள். சுமார் 2 கிலோ எடையுள்ள பட்டினி முயலின் ரத்தச் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்கு, அதாவது 45-க்கு, இறக்கத் தேவையான மருந்தைத்தான் முதலில் ஒரு யூனிட் என்று வைத்தார்கள். பிறகு மனிதர்களுக்காக அதைச் சிறிதாக்கினார்கள். நம் சீட்டில் டாக்டர் எழுதும் யூனிட் என்ற அளவே பக்க விளைவிலிருந்து பிறந்ததுதான்.

முதன்முதலில் இன்சுலின் போட்டுக்கொண்ட 14 வயதுச் சிறுவன் லெனர்ட் தாம்சனுக்கும் முதல் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை. 1922 ஜனவரி 11 அன்று டொரண்டோ பொது மருத்துவமனையில் போட்டார்கள். சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது, போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. நிறுத்திவிட்டார்கள். ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் சாற்றில் இருந்த அழுக்கை நீக்கும் வழி கண்டுபிடித்தார். ஜனவரி 23 அன்று சுத்திகரித்த மருந்தை மறுபடி போட்டார்கள். பையன் எழுந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பன்னிரண்டு நாள் இடைவெளியில் அவர்கள் செய்ததை யோசித்துப் பாருங்கள். பக்க விளைவைப் பார்த்ததும் மருந்தைத் திருத்தினார்கள், தூக்கிப் போடவில்லை.

எடை விஷயத்துக்கு வருவோம். பெண்கள் அதிகம் வருத்தப்படுவது இதற்குத்தான். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதை வெளியே விட ஆரம்பிக்கிறது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் கொட்டுவதைப்போல, சாப்பிட்டதில் ஒரு பங்கு தினமும் கழிவறைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் ஊசிக்கு முன்னால் சிலர் மெலிந்துகொண்டே வந்தார்கள். “இளைச்சுட்டேன், நல்லதுதானே” என்று அதைச் சந்தோஷமாகச் சொன்னவர்களும் உண்டு. இன்சுலின் வந்ததும் அந்தக் குழாய் அடைபடுகிறது. அதே சாப்பாடு இப்போது முழுதாக உடம்பில் தங்குகிறது. கூடவே லோ வந்துவிடுமோ என்று பயந்து இடையிடையே கொறிப்பதும் சேர்ந்துகொள்கிறது. பிரிட்டனில் ஆயிரக்கணக்கானவர்களைப் பின்தொடர்ந்து 1998-ல் வெளியான பெரிய ஆய்வில், இன்சுலின் எடுத்தவர்களுக்கு 10 ஆண்டுகளில் மற்றவர்களைவிட சுமார் 4 கிலோ கூடியிருந்தது. பத்து வருடத்தில் நான்கு கிலோ என்பது பயப்படும் கணக்கில்லை என்பது என் கட்சி. பயத்தில் கொறிப்பதை நிறுத்தினால் அதிலும் கொஞ்சம் குறையும். கொறித்தே ஆகவேண்டிய அளவுக்கு அடிக்கடி லோ வருகிறதென்றால் யூனிட் அதிகம் என்று அர்த்தம். அதைக் குறைக்கச் சொல்லி டாக்டரைக் கேட்பதுதான் முறை. மெட்ஃபார்மினைத் தொடரலாமா என்றும் கேளுங்கள். எடை கூடுவதை அது கொஞ்சம் கட்டுப்படுத்தும்.

கால் வீக்கம் பெரும்பாலும் சில வாரத்தில் வடிந்துவிடும். நெடுநாள் ஏறிக்கிடந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்வதால் வருவது. ஊறுகாயையும் அப்பளத்தையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். ஆனால் மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, பயோகிளிட்டசோன் என்ற மாத்திரையும் கூடவே சாப்பிடுகிறீர்கள் என்றாலோ அது வேறு விஷயம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கண் மங்கலுக்கும் ஓர் எளிய விளக்கம் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் நீர் கோத்து வடிவம் மாறுகிறது. சர்க்கரை நிலைப்பட்டதும் லென்ஸும் நிலைப்படும். சில வாரங்கள் ஆகும். ஆகவே ஊசி ஆரம்பித்த உடனே கடைக்கு ஓடிப் புதுக் கண்ணாடி போடாதீர்கள். இரண்டு மாதம் கழித்து அந்த பவர் உதவாது. ஆனால் கண் டாக்டரைப் பார்க்காமலும் இருக்காதீர்கள். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைச் சோதிக்கும் பரிசோதனை ஊசி ஆரம்பிக்கும் சமயத்தில் ஒருமுறை கட்டாயம் வேண்டும். ஏற்கெனவே விழித்திரை பாதிப்பு இருப்பவர்களுக்குச் சர்க்கரை மிக வேகமாக இறங்கினால் அது கொஞ்ச காலம் மோசமாகக்கூடும். கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் இருந்தாலோ ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை இறங்கும் இதே வேகம்தான் சிலருக்குக் கால் எரிச்சலாகவும் வருகிறது. சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனால் பாதத்தில் நெருப்பு வைத்த மாதிரி எரிகிறது என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது? 1930-களிலேயே மருத்துவ ஏடுகளில் பதிவான சங்கதி இது. மாதங்கள் எடுத்தாலும் பெரும்பாலும் தணியும். வலிக்கு மருந்தும் உண்டு. சர்க்கரையை நிதானமாக இறக்கினால் வராமலே தடுக்கலாம். மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 12, 13 என்று இருக்கிறவர் ஒரே மாதத்தில் நார்மல் ஆக்கிக் காட்டுகிறேன் என்று வீம்பு பிடிக்க வேண்டியதில்லை.

ஊசி போடும் இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வயிற்றில் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு மெத்தென்று கட்டி தட்டும். தடவிப் பார்த்தால் தெரியும். அந்த இடத்தில் வலி குறைவு. அதனாலேயே கை தானாக அங்கேதான் போகும். அங்கே போடும் இன்சுலின் ஒருநாள் உடம்பில் ஏறும், ஒருநாள் ஏறாது. சுகர் 300 காட்டுகிறதே என்று யூனிட்டைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். பிறகு யாரோ சொல்லி நல்ல இடத்தில் குத்தினால், கூட்டி வைத்த யூனிட் அத்தனையும் ஒரேயடியாக வேலை செய்து லோ அடித்துவிடும். கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தால் இடத்தை மாற்றுமுன் டாக்டரிடம் சொல்லி யூனிட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்று வயிற்றின் வலப்பக்கம், நாளை இடப்பக்கம், பிறகு தொடை, ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை தள்ளி என்று வைத்துக்கொண்டால் கட்டியே வராது. ஊசிமுனையை வாரக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பதும் கட்டிக்கு ஒரு காரணம். அதன் விலை எனக்கும் தெரியும். சொல்லாமலிருக்க முடியவில்லை.

அடுத்தது, நம் நாட்டில் இருக்கும் ஓர் ஆபத்து. நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா வடிவக் கருவியான பென்னில் போடும் மருந்து ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்த வீரியத்துக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பென் கெட்டுப்போய்விட்டதே என்று அதன் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சி 10 கோடு போட்டால் உடம்புக்குள் போவது 25 யூனிட். அவசரத்தில் கடைப் பையன் எடுத்துக் கொடுக்கும் சிரிஞ்சின் மூடி நிறத்தையும் குப்பியில் எழுதியிருக்கும் எண்ணையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள்.

வெயிலையும் சொல்லவேண்டும். மே மாதத்தில் மீனம்பாக்கத்தில் 40 டிகிரி தாண்டும்போது, கம்பெனி வாசலில் நிறுத்திய பைக்கின் சீட்டுக்கடியில் பென் கிடந்தால் உள்ளே இருக்கும் மருந்து வீணாகும். திறக்காத மருந்து ஃப்ரிட்ஜில், அதுவும் ஃப்ரீசரில் படாமல். உறைந்தது எதற்கும் உதவாது. உபயோகத்தில் இருப்பதை நிழலான இடத்தில் ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணல்மேல் வைத்த மண்பானை நன்றாகவே கைகொடுக்கும். சுகர் திடீரென்று கட்டுக்கடங்காமல் போனால் மருந்து கெட்டதா என்றும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, “இன்சுலின் போட்டா கிட்னி போயிடும்” என்ற பேச்சு. இதைச் சொல்கிறவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஊசி ஆரம்பித்த சித்தப்பாவுக்கு இரண்டு வருடத்தில் டயாலிசிஸ் வந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் சித்தப்பா பத்து வருடம் 300-லேயே திரிந்து, சிறுநீரகம் பழுதான பிறகு, பல மாத்திரைகள் கொடுக்க முடியாத நிலையில்தான் ஊசிக்கு வந்தார். பழி மட்டும் ஊசிமேல் விழுந்தது. இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது. மாதக்கணக்கில் ஒத்துக்கொண்ட அதே யூனிட், சாப்பாடு மாறாமலே, இப்போது அடிக்கடி லோ கொடுக்கிறதென்றால் சந்தோஷப்பட வேண்டாம். கிரியேட்டினின் பார்க்க வேண்டிய நேரம் அது.

விரதங்களைப் பற்றி விலாவாரியாக எழுத இடமில்லை. சஷ்டியோ ரம்ஜானோ, இருப்பதென்றால் சில வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு யூனிட்டை மாற்றிக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் நடப்பவர்கள் பையில் குளுக்கோஸ் இல்லாமல் கிளம்ப வேண்டாம். நடையும் இன்சுலினும் சேர்ந்தால் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கும், சில சமயம் வீடு திரும்பித் தூங்கும்போதும். கல்யாண வீட்டில் பந்தி எப்போது என்று தெரியாமல் ஊசியைப் போடாதீர்கள். வாந்தி, காய்ச்சல் வந்தால் “சாப்பிடவே இல்லையே” என்று ஊசியை அடியோடு நிறுத்தாதீர்கள். காய்ச்சலில் சர்க்கரை ஏறவே செய்யும். மெஷினில் பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள்.

நம் சென்னைக்கு இந்த நோயில் நீண்ட அனுபவம் இருக்கிறது. 1948-லேயே ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். ராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை இன்றும் நடக்கிறது. அந்தக் காலத்து நோயாளிகள் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிநீரில் வேகவைத்து, மாட்டுக் கணையத்திலிருந்தும் பன்றிக் கணையத்திலிருந்தும் எடுத்த இன்சுலினைப் போட்டுக்கொண்டார்கள். குத்திய இடம் சிலருக்குக் குழி விழுந்துபோகும், சிலருக்குத் தடித்துப்போகும். மனித இன்சுலின் 1982-ல் வந்த பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. இப்போது பென்னில் 4 மில்லிமீட்டர் ஊசி, குத்தினதே தெரியாது. அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம். நமக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. குறைவது பேச்சுக்கு ஆள்தான். நர்ஸ் அக்காவிடமாவது “கொஞ்சம் போட்டுக் காட்டுங்க சிஸ்டர்” என்று கேட்டுவிட்டு வாருங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்.

பயன்படுத்திய ஊசிமுனையைக் குப்பைப் பையில் போடாதீர்கள். காலையில் அந்தப் பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் அம்மாவின் விரலில் ஏறும். காலியான கெட்டி பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்து, நிரம்பியதும் மூடியை ஒட்டி, ஊசி மருந்து வாங்கும் மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.

இந்த இதழின் பின்னட்டை உள்பக்கத்தில் ஒரு கட்டம் அச்சிட்டிருக்கிறோம். ஊசி போட்ட நேரம், இடம், யூனிட், சாப்பிட்ட நேரம், மெஷின் காட்டிய எண், அன்றைய ஷிஃப்ட், உடம்பில் என்ன தெரிந்தது என்று ஏழு பத்திகள். இரண்டு வாரம் நிரப்பிக்கொண்டு அடுத்த முறை டாக்டரிடம் போங்கள். கத்தரித்தால் பின்பக்கத்து விளம்பரம் போய்விடும் என்று எங்கள் மேலாளர் முணுமுணுத்தார். விளம்பரதாரரே “பரவாயில்லை, கத்தரிக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டிலும் ஊசி இருக்கிறதாம்.

அன்புடன்,
ஆசிரியர்